சமூகப் பணியாளர் மீது முறைப்பாடு வந்தால்: கொழும்பு நிறுவனங்களுக்கான முழுமையான வழிகாட்டி

கொழும்பில் சமூகப் பணியாளர் ஒருவர் மீது முறைப்பாடு வந்தால் அடிக்கடி நடப்பது இரண்டில் ஒன்று. எல்லாரையும் அலுவலகத்தில் உட்கார வைத்துப் பேசி, தேநீர் கொடுத்து, சமாதானம் ஆக்கிவிடுவார்கள். இல்லையென்றால் அவரை மட்டக்குளியிலிருந்து தெமட்டகொடைக்கோ, கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கோ இடமாற்றிவிடுவார்கள். இரண்டிலும் உண்மையில் என்ன நடந்தது என்று யாரும் தீர்மானிப்பதில்லை. முறைப்பாடு செய்தவருக்குப் பதில் இல்லை. பணியாளர் தவறு செய்யாதவர் என்றால் அவர் பெயரில் விழுந்த கறை அப்படியே நிற்கிறது. தவறு செய்தவர் என்றால், புதிய இடத்தில் புதிய குடும்பங்களை நாமே அவர் கையில் ஒப்படைக்கிறோம்.

இடமாற்றம் ஒழுக்காற்று நடவடிக்கை ஆகாது. முறைப்பாட்டை எழுத்தில் எடுத்து, இரு தரப்பையும் கேட்டு, காரணத்தோடு ஒரு தீர்மானத்தில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். சிறுவர் இல்லம், பெண்கள் காப்பகம், உளவளத்துணை நிலையம், அரச சார்பற்ற நிறுவனம் போன்றவற்றை நடத்துபவர்களுக்காக இதை எழுதுகிறேன். முறைப்பாடு செய்ய நினைப்பவர்களும் வாசிக்கலாம். தங்களுக்கு என்னென்ன கிடைக்க வேண்டும் என்று தெரிந்திருப்பது நல்லது.

1. அவர் யாருடைய ஊழியர் என்று முதலில் பாருங்கள்

மருத்துவர் மீதான முறைப்பாட்டுக்கு இலங்கை மருத்துவ சபை இருக்கிறது. சட்டத்தரணி என்றால் உயர் நீதிமன்றம் வரை போகலாம். இங்கிலாந்தில் சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்து ஒழுக்காற்று விசாரணையும் நடத்தும் ஓர் அமைப்பு 2019 டிசம்பரிலிருந்து தனியாக இயங்குகிறது. நியூசிலாந்தில் 2021 பெப்ரவரியிலிருந்து பதிவு இல்லாமல் சமூகப் பணியாளர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நம் ஊரில் நடைமுறையில் ஒழுக்காற்று அதிகாரம் முதலில் இருப்பது வேலைக்கு வைத்திருப்பவரிடம்தான். எனவே தவறான வாசலில் கொடுத்த முறைப்பாடு மாதக்கணக்கில் சுற்றும்.

பிரதேச செயலகத்தில்தான் மக்கள் அதிகம் குழம்புகிறார்கள். அடுத்தடுத்த மேசைகளில் இருப்பவர்கள் எல்லாரும் பிரதேச செயலாளருக்குக் கீழ் என்று நினைப்போம். ஆனால் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் நன்னடத்தை மற்றும் சிறுவர் பராமரிப்பு சேவைகள் திணைக்களத்தைச் சேர்ந்தவர். நன்னடத்தை உத்தியோகத்தர் மேல் மாகாணத்தின் நன்னடத்தைத் திணைக்களத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு வேறு உத்தியோகத்தர்கள். அரச உத்தியோகத்தர் மீதான நடவடிக்கை தாபன விதிக்கோவையின் இரண்டாம் தொகுதி, 48 ஆம் அத்தியாயத்தின்படி போகும்: ஆரம்ப விசாரணை, குற்றச்சாட்டுப் பத்திரம், முறைசார் விசாரணை என்று. உங்கள் நிறுவனத்துக்கு வந்த முறைப்பாடு அப்படியான ஒருவரைப் பற்றியது என்றால் நீங்கள் விசாரிக்க வேண்டாம். உரிய திணைக்களத் தலைவருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியை முறைப்பாட்டாளர் கையில் கொடுங்கள்.

இனி வருவதெல்லாம் உங்கள் சொந்த ஊழியரைப் பற்றியது.

2. ஒழுக்கக்கோவை முன்கூட்டியே இருக்கட்டும்

எழுதி வைக்காத விதியை மீறினார் என்று ஒருவரைத் தண்டிப்பது கடினம். சமூகப் பணியாளர்களின் சர்வதேச சம்மேளனம் 2018 இல் ஏற்றுக்கொண்ட ஒழுக்கக் கோட்பாடுகள் நல்ல அடித்தளம். அதோடு நம் களத்துக்கு வேண்டியதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சேவை பெறுநரிடம் கடன் வாங்கக் கூடாது, சீட்டுப் பிடிக்கக் கூடாது, அவர்களின் படத்தை முகநூலில் போடக் கூடாது, காப்பகத்தின் முகவரியை வெளியே சொல்லக் கூடாது, உதவியைக் காட்டி மதமாற்றமோ அரசியலோ பேசக் கூடாது. தமிழிலும் சிங்களத்திலும் அச்சிட்டு, நியமனக் கடிதத்தோடு கையெழுத்து வாங்குங்கள். தொண்டர்களிடமும்தான்.

3. முறைப்பாட்டை எடுக்கும் விதம்

கடிதமாக வந்தால்தான் முறைப்பாடு என்று நினைக்க வேண்டாம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் அம்மா வந்து, "உங்கட மிஸ் என்னட்ட காசு வாங்கிப்போட்டு இப்ப போன் எடுக்கிறா இல்ல" என்று வாசலில் நின்று சொன்னாலும் அது முறைப்பாடுதான். அவரை உட்கார வைத்து, அவர் சொல்வதை அவருடைய சொற்களிலேயே எழுதுங்கள். திகதி, இடம், யார் கூட இருந்தார்கள், எவ்வளவு காசு என்று கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். "முறையற்ற நிதிக் கொடுக்கல் வாங்கல்" என்று அலுவலக மொழிக்கு மாற்றிவிடாதீர்கள். எழுதியதை வாசித்துக் காட்டி, திருத்தம் இருந்தால் திருத்தி, கையொப்பம் வாங்கி, ஒரு பிரதியை அங்கேயே கொடுங்கள்.

மொழி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தமிழ் பேசும் ஒருவரின் வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதி, அவர் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்து வாங்குவது இன்றும் நடக்கிறது. விசாரணையில் "இதை நீங்கள்தான் சொன்னீர்களா?" என்று கேட்டதும் அந்தத் தாள் உதிர்ந்துவிடும். அரச அலுவலகம் என்றால் தமிழில் அலுவல் செய்யும் உரிமை அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையிலேயே இருக்கிறது. அது மறுக்கப்பட்டால் அரசகரும மொழிகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். தனியார் நிறுவனம் என்றாலும் அதே தரத்தை வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்க வருபவர், முறைப்பாட்டுக்கு உள்ளானவரோடு ஒரே மேசையில் சாப்பிடும் சக ஊழியராக இருக்கக் கூடாது.

அப்புறம், பயம். உலர் உணவுப் பொதி, பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, காப்பகத்தில் கட்டில் என்று ஏதோ ஒன்றுக்காக உங்களை நம்பியிருப்பவர்தான் முறைப்பாடு செய்ய வருகிறார். வாயைத் திறந்தால் அது நின்றுவிடும் என்ற பயம் நியாயமானது. "உங்கள் உதவி நிற்காது, நாளையிலிருந்து வேறு ஒருவர் உங்களைப் பார்ப்பார்" என்று முதல் சந்திப்பிலேயே சொல்லுங்கள். எழுத்திலும் கொடுங்கள். மானநஷ்ட வழக்குப் போடுவார்களோ என்றும் சிலர் கேட்பார்கள். குற்றவியல் அவதூறுச் சட்டம் 2002 இலேயே நீக்கப்பட்டுவிட்டது. நல்லெண்ணத்தோடு, உரிய அதிகாரிக்கு, தெரிந்ததை மட்டும் சொல்பவருக்குக் குடியியல் சட்டத்திலும் பாதுகாப்பு உண்டு. வட்ஸ்அப் குழுவில் பெயரைப் போட்டுப் பரப்புவது வேறு விஷயம்.

பெயரில்லாக் கடிதத்தையும் குப்பையில் போடாதீர்கள். சரிபார்க்கக்கூடிய திகதியோ, பற்றுச்சீட்டோ, இடமோ அதில் இருந்தால் நிறுவனமே முறைப்பாட்டாளராக நின்று விசாரிக்கலாம்.

4. அதே நாளில் செய்ய வேண்டியது

வாசித்து முடித்ததும் ஒரே ஒரு கேள்வி: இதில் குற்றச்செயல் இருக்கிறதா, பிள்ளை சம்பந்தப்பட்டிருக்கிறதா?

18 வயதுக்குக் குறைந்தவருக்குத் துன்புறுத்தல் நடந்திருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929 க்கு அழையுங்கள். அவசரம் என்றால் பொலிசின் 119. பெண்களுக்கு 1938 என்ற உதவி இலக்கம் இருக்கிறது. "முதலில் நாங்கள் உள்ளே விசாரித்து உறுதி செய்துகொள்கிறோம்" என்று காத்திருப்பது பெரும் தவறு. அந்த இடைவெளியில் தொலைபேசிச் செய்திகள் அழியும், சாட்சிகளுக்கு ஆள் போகும், பிள்ளை வாய் மூடிவிடும்.

பிள்ளையை நீங்கள் விசாரிக்கவே வேண்டாம். தானாகச் சொன்னதை, சொன்ன சொற்களில், நேரத்தோடு குறித்து வையுங்கள். அவ்வளவுதான். முகாமையாளர் ஒரு தடவை, பணிப்பாளர் ஒரு தடவை, நிர்வாக சபையில் ஒரு தடவை என்று திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தால் பிள்ளை நொந்துபோகும். வழக்கும் பலவீனமாகும். பிள்ளையின் வாக்குமூலத்தை ஒளிப்பதிவு செய்து நீதிமன்றில் முன்வைக்க 1999 ஆம் ஆண்டின் 32 ஆம் இலக்கச் சாட்சியங்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வழி செய்திருக்கிறது. அந்த வேலை பயிற்சி பெற்றவர்களுடையது.

பாலியல் தொந்தரவு தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவின் கீழ் குற்றம். வளர்ந்த பெண் ஒருவர் பொலிசுக்குப் போவதா இல்லையா என்பது அவருடைய தீர்மானம். அவர் போக விரும்பினால் கூடப் போங்கள். "நிறுவனத்தின் பெயர் கெடும்" என்று ஒருவரும் அவரிடம் பேசக் கூடாது. சாட்சிகளை மிரட்டுவது 2023 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்க, பாதிக்கப்பட்டோருக்கும் சாட்சிகளுக்குமான பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் தனிக் குற்றம். அதைப் பணியாளருக்கும் நேரடியாகச் சொல்லி வையுங்கள்.

பொலிஸ் விசாரணை தொடங்கிவிட்டது என்பதற்காக உங்கள் ஒழுக்காற்று விசாரணையை வருடக்கணக்கில் நிறுத்தத் தேவையில்லை. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். வேலைத்தல விசாரணையில் எது நடந்திருக்க அதிக வாய்ப்பு என்று பார்த்தால் போதும். ஆனால் பொலிஸ் வாக்குமூலம் எடுக்கும் அதே சாட்சிகளை நீங்கள் சந்திப்பதற்கு முன் பொலிசோடு பேசிக்கொள்ளுங்கள்.

5. முறைப்பாட்டைப் பிரித்துப் பாருங்கள்

எல்லா முறைப்பாடும் ஒழுக்கக்கேடு பற்றியது அல்ல. "என் பிள்ளையை என்னிடம் தர வேண்டாம் என்று அறிக்கை எழுதிவிட்டார்" என்று ஒரு தகப்பன் கொதிக்கலாம். பிள்ளை எங்கே இருக்க வேண்டும் என்று தீர்மானிப்பது நீதிமன்றம். பணியாளரின் அறிக்கை அதற்கு முன்னால் வைக்கும் ஒரு ஆவணம். முடிவு பிடிக்கவில்லை என்றால் அதை எதிர்க்க வேண்டிய இடமும் நீதிமன்றம்தான். ஆனால் வீட்டுக்குப் போகாமலே போனதாக எழுதினார் என்றால், அது நேர்மை பற்றிய முறைப்பாடு. உங்கள் மேசைக்குத்தான் வர வேண்டும்.

அறிக்கை தாமதம், குறிப்புகள் இல்லை, அழைத்தால் பதில் இல்லை என்பன பல நேரங்களில் திறமையும் வேலைப்பளுவும் சம்பந்தப்பட்டவை. ஒருவர் தாங்க முடியாத அளவு குடும்பங்களை ஏற்றிவிட்டு, தவறியதும் அவரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது அநியாயம். மேற்பார்வை, பயிற்சி, மூன்று மாதத் திட்டம் என்று போங்கள். முகாமைத்துவத்தின் பங்கையும் எழுதிவையுங்கள்.

பணம், பாலியல், இரகசியம் காத்தல், பொய் ஆவணம், சாதியோ இனமோ சொல்லி இழிவுபடுத்தல் ஆகியவை ஒழுக்காற்று விசாரணைக்குரியவை. இவற்றில் எதையும் சமாதானப் பேச்சில் முடிக்கக் கூடாது. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் என்பது தண்டனையைக் குறைக்கக் காரணமாகலாம். விசாரணையை நிறுத்தக் காரணமாகாது.

6. இடைக்கால ஏற்பாடு

முறைப்பாட்டாளரோடு பணியாளர் தொடர்பு கொள்ளக் கூடாது என்று எழுத்தில் அறிவியுங்கள். பாரதூரமான விஷயம் என்றால் சம்பளத்துடன் பணி இடைநிறுத்தம் செய்யுங்கள். அந்தக் கடிதத்தில், இது குற்றத் தீர்ப்பு அல்ல என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். சம்பளமில்லாமல் நிறுத்த எண்ணினால் நியமனக் கடிதம் அதற்கு இடம் தருகிறதா என்று சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். கோப்புகள், சாவி, அலுவலகத் தொலைபேசி, மின்னஞ்சல் கடவுச்சொல் ஆகியவற்றை அன்றே பொறுப்பெடுங்கள். மற்ற ஊழியர்களிடம் "அவர் விடுமுறையில் இருக்கிறார்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

7. ஆதாரம் சேர்த்தல்

இந்தக் கட்டத்தை ஒரே ஆளிடம் கொடுங்கள். பிறகு தீர்ப்புச் சொல்லும் குழுவில் அவர் இருக்கக் கூடாது. களப் பதிவேடு, முச்சக்கரவண்டிக் கட்டணச் சீட்டு, வரவுப் பதிவு, கொடுப்பனவு வவுச்சர் ஆகியவை பேசும் சாட்சிகளை விட உறுதியானவை. பல பொய்கள் வவுச்சரில்தான் பிடிபடும்: வனாத்தமுல்லையில் வீடு பார்த்ததாக எழுதிய அதே நேரத்தில் தலைமை அலுவலகத்தில் கையெழுத்து இருக்கும். வட்ஸ்அப் செய்தி என்றால் அனுப்பியவரின் இலக்கமும் திகதியும் தெரியும்படி படம் எடுங்கள். முழு உரையாடலையும் சேமியுங்கள். வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்தால் எதிர்த்தரப்பு அதையே பிடித்துக்கொள்ளும். தொலைபேசியை முறைப்பாட்டாளரிடமிருந்து வாங்கி வைக்காதீர்கள்.

8. குற்றச்சாட்டும் விசாரணையும்

போதிய ஆதாரம் இருந்தால் குற்றச்சாட்டுப் பத்திரம் கொடுங்கள். இங்கேதான் பல நிறுவனங்கள் சறுக்குகின்றன. "சேவை பெறுநரிடம் ஒழுக்கமற்று நடந்தமை" என்று எழுதினால் அதற்கு யாரும் பதில் சொல்ல முடியாது. ஓர் உதாரணம் தருகிறேன், கற்பனைதான்: "நீங்கள் பொறுப்பாக இருந்த குடும்பத்தின் தலைவியிடம் மே 4 ஆம் திகதி, அவர் வீட்டில் வைத்து, 15,000 ரூபா கடனாகப் பெற்றீர்கள். இது ஒழுக்கக்கோவையின் 6 ஆம் விதிக்கு முரணானது." ஒரு செயலுக்கு ஒரு குற்றச்சாட்டு. அதோடு நீங்கள் நம்பியிருக்கும் ஆவணங்களின் பிரதிகளையும் கொடுங்கள். பதில் எழுத இரண்டு வாரமாவது வேண்டும். பத்திரம் அவர் நன்றாக வாசிக்கும் மொழியில் இருக்க வேண்டும். முறைப்பாட்டாளருக்கு இருக்கும் மொழி உரிமை அவருக்கும் உண்டு.

விசாரணைக் குழுவுக்கு மூன்று பேர் போதும். ஒருவராவது வெளியாள், ஒருவராவது சமூகப் பணி படித்தவர். சீதுவையிலுள்ள தேசிய சமூக அபிவிருத்தி நிறுவகத்தில் பயின்றவர்கள் இந்த நகரத்தில் நிறையப் பேர் இருக்கிறார்கள். தமிழில் சாட்சி சொல்ல வருபவர் இருந்தால் குழுவில் தமிழ் நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும். நம் ஆட்களின் கொழும்பு சின்னது. ஒரே கோவில், ஒரே தேவாலயம், ஒரே பள்ளிவாசல், ஒரே பழைய மாணவர் சங்கம், எப்படியோ உறவு என்று வந்துவிடும். அதனால் ஒவ்வொருவரும் இரு தரப்போடும் தனக்குள்ள தொடர்பை எழுதிக் கையொப்பமிட வேண்டும். தொடர்பு நெருக்கமானது என்றால் விலக வேண்டும்.

விசாரணையை முறைப்பாட்டாளர் உதவி வாங்க வரும் அதே மண்டபத்தில் வைக்காதீர்கள். நாட்கூலிக்குப் போகிறவர் என்றால் அன்றைய கூலியையும் போக்குவரத்துச் செலவையும் நிறுவனம் கொடுக்கட்டும். பணியாளர் உதவிக்கு ஒருவரைக் கூட்டி வரலாம், சாட்சிகளிடம் கேள்வி கேட்கலாம். ஆனால் பாலியல் முறைப்பாட்டில் அந்தக் கேள்விகளைத் தலைவர் வழியாக மட்டும் கேட்க விடுங்கள். முறைப்பாட்டாளரின் கடந்தகால வாழ்க்கையைத் தோண்டும் கேள்விகளைத் தலைவர் அந்த இடத்திலேயே நிறுத்த வேண்டும். எல்லாவற்றையும் எழுதி, ஒவ்வொரு பக்கத்திலும் கையொப்பம்.

9. தீர்மானம்

இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேளுங்கள். சொன்னது நடந்ததா? நடந்தது என்றால், இவரை இன்று சேவை பெறுநர்களோடு வேலை செய்ய விடலாமா? இங்கிலாந்தின் விசாரணைக் குழுக்களும் இந்தப் பிரிவைத்தான் பின்பற்றுகின்றன. முதல் கேள்வி கடந்த காலத்தைப் பற்றியது. இரண்டாவதில்தான் அவர் தவறை உணர்ந்தாரா, திருத்த என்ன செய்தார், முன்பும் எச்சரிக்கை பெற்றாரா என்பதெல்லாம் வரும். இரண்டையும் கலந்தால் "நல்ல மனுசன், அப்படிச் செய்திருக்க மாட்டார்" என்ற பேச்சுக்கு இடம் வந்துவிடும்.

அறிவுரை, எழுத்து மூல எச்சரிக்கை, மேற்பார்வையோடு நிபந்தனை வேலை, பதவியிறக்கம், பணிநீக்கம் என்று படிகள் உண்டு. முதல் தடவை நடந்த சிறு கடனுக்கும், திட்டமிட்டுப் பல குடும்பங்களிடம் பறித்ததற்கும் ஒரே தண்டனை கொடுத்தால் பிறகு நியாயப்படுத்த முடியாது. நிரூபிக்கப்படவில்லை என்றால் அதையும் தெளிவாக எழுதி, பணியாளரின் கோப்பில் வையுங்கள். இடைநிறுத்தம் பற்றித் தெரிந்த எல்லாருக்கும் அவர் திரும்பி வருவதைச் சொல்லுங்கள்.

பணிநீக்கம் என்றால் தொழிற்சட்டத்தைக் கவனியுங்கள். வேலை முடிவுறுத்தல் பற்றிய 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் உங்கள் நிறுவனத்துக்குப் பொருந்துமானால், ஒழுக்காற்றுக் காரணத்தால் நீக்கியவருக்கு நீக்கிய பின் வரும் இரண்டாவது வேலை நாள் முடிவதற்குள் காரணத்தை எழுத்தில் அறிவிக்க வேண்டும். அவர் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாய மன்றுக்குப் போகலாம். அங்கே சாட்சியங்களைப் புதிதாகக் கேட்டு, நியாயமும் ஒப்புரவுமான கட்டளையை வழங்குவார்கள். ஒழுங்காக எழுதிய குற்றச்சாட்டும் விசாரணைக் குறிப்பும் அன்று உங்களுக்குக் கைகொடுக்கும்.

10. முறைப்பாட்டாளருக்குப் பதில்

இதை மறப்பவர்கள்தான் அதிகம். என்ன விசாரித்தோம், எது நிரூபணமானது, எது ஆகவில்லை, இனி என்ன மாறும் என்று அவருடைய மொழியில் ஒரு பக்கக் கடிதம் கொடுங்கள். பணியாளரின் சம்பளம், மருத்துவ விவரம் போன்றவை அதில் வேண்டாம். நிர்வாக சபைக்கு மேன்முறையீடு செய்யும் வழியையும் காலக்கெடுவையும் அதிலேயே சொல்லுங்கள்.

வெளியே போகும் வழிகளையும் மறைக்காதீர்கள். சிறுவர் இல்லம் பற்றியது என்றால் மாகாண நன்னடத்தை ஆணையாளர். அரச உத்தியோகத்தர் என்றால் இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு. அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போக ஒரு மாதமே அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. வழக்குச் செலவுக்கு வழியில்லாதவருக்கு, புதுக்கடையில் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தையும் நினைவில் வையுங்கள். அரசாலோ வெளிநாட்டு அரசாலோ சர்வதேச அமைப்பாலோ பெருமளவு நிதி பெற்றுப் பொதுமக்களுக்குச் சேவை செய்யும் அரச சார்பற்ற நிறுவனங்களும், அந்தச் சேவை சம்பந்தமான தகவலைப் பொறுத்தவரை, அதற்குள் வருகின்றன. கோரிக்கை வந்தால் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும்.

11. விசாரணை நடுவே அவர் விலகினால்

குற்றச்சாட்டுப் பத்திரம் கையில் கிடைத்ததும் பதவி விலகல் கடிதம் வரும். நிர்வாகம் பெருமூச்சு விட்டு, கோப்பை மூடி, "கடமையுணர்வுள்ளவர்" என்று சேவைச் சான்றிதழும் கொடுத்து அனுப்பும். அடுத்த மாதம் அவர் இன்னொரு சிறுவர் இல்லத்தில் வேலையில் இருப்பார். விலகலை ஏற்றுக்கொள்ளுங்கள், ஆனால் விசாரணையை முடியுங்கள். வர மறுத்தால், அழைத்தோம், வரவில்லை என்று பதிந்து, இருக்கும் ஆதாரத்தில் தீர்மானியுங்கள். சேவைச் சான்றிதழில் வேலை செய்த காலத்தையும் பதவியையும் மட்டும் போடுங்கள். வேறு நிறுவனம் கேட்டால், "ஒழுக்காற்று விசாரணை நடந்தது, இதுதான் முடிவு" என்று பதிவில் உள்ளதை மட்டும் எழுத்தில் சொல்லுங்கள். தொலைபேசியில் கிசுகிசுக்க வேண்டாம்.

அவர் வெளிநாட்டில் பதிவு பெற்றவராக இருந்தால், நிரூபணமான பாரதூரமான முடிவை அந்த நாட்டுப் பதிவு அமைப்புக்கும் அறிவியுங்கள். இங்கிலாந்தின் பதிவேட்டில் பெயரைப் போட்டு யாரும் தேடிப் பார்க்கலாம். வெளிநாட்டிலிருந்து வந்து இங்கே வேலை கேட்பவரைச் சேர்க்கும் முன்பும் அதே தேடலைச் செய்யுங்கள்.